பாம்புக்குக் கூண்டு அமைத்தல்: லீட்ஸுக்குக் குடிபோகும் ஒரு சிங்கப்பூர்க் குடும்பத்துக்கு

வேலை மாற்றலாகி, மனைவியோடும் பன்னிரண்டு வயது மகனோடும் மூன்று ஆண்டுகளுக்கு இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குக் குடிபோகிறீர்கள். அங்கே போனதும் பால் பைத்தான் எனப்படும் சிறு மலைப்பாம்பு ஒன்றை வாங்கித் தருவதாக மகனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அதற்குக் கூண்டு எப்படி அமைப்பது, ஈசூனில் உள்ள உங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலேயே தொட்டியும் விளக்கும் வாங்கிப் பழகிப் பார்க்கலாமா, முடிந்தால் ஒரு குட்டியை இங்கேயே வைத்துத் தொடங்கலாமா என்பவை உங்கள் கேள்விகள். கடைசிக் கேள்விக்கான பதில் மிகவும் சுருக்கமானது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கூடாது. சிங்கப்பூரில் செல்லப்பிராணியாக வளர்க்க அனுமதியுள்ள ஊர்வன இரண்டே இரண்டு: ரெட்-இயர்டு ஸ்லைடர் ஆமை, மலாயன் பாக்ஸ் ஆமை. எந்தப் பாம்புக்கும் அனுமதி இல்லை. 2020 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள வனவிலங்குச் சட்டத்தின்படி வனவிலங்கை அனுமதியின்றி வீட்டில் வைத்திருப்பது அபராதமும் சிறையும் விதிக்கப்படக்கூடிய குற்றம். அதோடு, மலைப்பாம்புக் குடும்பம் முழுவதும் சைட்டிஸ் எனப்படும் அனைத்துலக வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் பட்டியல்களில் இருப்பதால், அனுமதிச்சீட்டு இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுவருவது தனிக் குற்றமாகும். இணையத்தில் யாரேனும் "ஜோகூரிலிருந்து எடுத்து வந்து தருகிறேன்" என்று சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். கடத்தி வரப்படும் பாம்புகள் காலுறைக்குள்ளும் நெகிழிப் பெட்டிக்குள்ளும் அடைபட்டுத் தண்ணீரின்றித் தவித்து வருபவை. அவற்றில் பல உயிரோடு வந்து சேர்வதே இல்லை.

இந்தச் சட்டத்திலிருந்து இன்னொரு கேள்வியும் எழுகிறது. நீங்கள் அதைக் கேட்கவில்லை என்றாலும் நான் எழுப்பியே ஆக வேண்டும். பால் பைத்தான் நல்ல பராமரிப்பில் இருபது முதல் முப்பது ஆண்டுகள் வாழும். நீங்கள் மூன்று ஆண்டுகளில் திரும்பப் போகிறீர்கள். திரும்பும்போது பாம்பை உடன் கொண்டுவர முடியாது. ஆகவே பாம்பு வீட்டுக்கு வரும் முன்பே, அது பிறகு யாரிடம் போகும் என்பது முடிவாகியிருக்க வேண்டும். லீட்ஸில் நிரந்தரமாக வசிக்கும் உறவினர் ஒருவர் மனமுவந்து ஒப்புக்கொண்டால் நல்லது. இல்லையென்றால், குட்டி வாங்குவதைத் தவிர்த்து, ஊர்வன மீட்பு அமைப்புகளிடம் அடைக்கலமாக இருக்கும் வளர்ந்த பாம்பு ஒன்றைத் தத்தெடுப்பது பற்றி அவர்களிடம் நேரில் பேசிப் பாருங்கள். விலங்குவதைத் தடுப்புச் சங்கமான ஆர்எஸ்பிசிஏ உட்படப் பல அமைப்புகளிடம் பால் பைத்தானும், கார்ன் ஸ்நேக் எனப்படும் நச்சற்ற பாம்பும் அடிக்கடி வந்து சேர்கின்றன. உங்கள் நாட்கணக்கை மறைக்காமல் சொல்லி, திரும்பும் காலத்தில் அவர்களே பெற்றுக்கொள்வார்களா என்று எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் வழியில்லை என்றால் மகனிடம் உட்கார்ந்து பேசி வாக்கை மாற்றிக்கொள்வதே பாம்புக்கும் அவனுக்கும் செய்யும் நியாயம் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

சட்டப் பொறுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பால் பைத்தானையும் கார்ன் ஸ்நேக்கையும் வளர்க்க இங்கிலாந்தில் உரிமம் தேவையில்லை. நச்சுப் பாம்புகளுக்குத்தான் 1976ஆம் ஆண்டின் ஆபத்தான வனவிலங்குகள் சட்டப்படி உரிமம் வேண்டும். ஆனால் 2006ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டம், வளர்ப்பவர் விலங்குக்கு ஏற்ற சூழலை அமைத்துத் தரக் கடமைப்பட்டவர் என்கிறது. பதினாறு வயது நிரம்பாதவருக்கு விலங்கு விற்பதையும் அது தடை செய்கிறது. எனவே பாம்பு மகனுடையது என்று வீட்டில் சொல்லிக்கொண்டாலும், சட்டத்தின் முன் அது உங்களுடையது. கூண்டையும் நீங்களே அமைக்க வேண்டும்.

இனி கூண்டுக்கு வருவோம். இங்கிலாந்தில் ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை அளிக்கும் ஒரு கால்நடை மருத்துவமனையில் நான் தாதியாகப் பணியாற்றிய ஆண்டுகளில், எங்களிடம் வந்த பாம்புகளின் நோய்களில் பெரும்பகுதி கூண்டில் தொடங்கியவை. நுரையீரல் தொற்று, வயிற்றுச் செதில் அழுகல், தீக்காயம், உரியாத சட்டை, மாதக்கணக்கில் இரை எடுக்க மறுப்பது என்று எதை எடுத்தாலும், மருத்துவர் முதலில் கேட்டது கூண்டின் இரு முனைகளிலும் வெப்பம் எத்தனை பாகை என்பதைத்தான். பாம்பு தன் உடலுக்குள் சூட்டை உண்டாக்கிக்கொள்ளும் உயிரினமன்று. இரை செரிப்பதற்குச் சூடான இடத்துக்கு நகர்கிறது, செரித்த பின் குளிர்ந்த இடத்துக்கு நகர்கிறது, தோலுரிக்கும் காலத்தில் ஈரமான பொந்தைத் தேடுகிறது. இந்த நகர்வுகள்தான் அதன் உடலியக்கம். காட்டில் இதற்கெல்லாம் இடம் இருக்கிறது. கூண்டில் நாம் வைத்தால்தான் உண்டு. ஆகவே நல்ல கூண்டு என்பது பாம்பு எந்த நேரத்திலும் சூட்டையும் குளிர்ச்சியையும், ஈரத்தையும் உலர்வையும், வெளிச்சத்தையும் இருளையும் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளக்கூடிய கூண்டு. நான் கீழே சொல்லும் ஒவ்வொன்றும் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கிறது. கடையில் எதை வாங்குவது என்ற ஐயம் வந்தாலும், "இது பாம்புக்கு ஒரு தேர்வைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா?" என்று கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

பால் பைத்தானின் தாயகம் கானா, டோகோ, பெனின் முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளும் அவற்றைத் தொடர்ந்த மத்திய ஆப்பிரிக்கப் பகுதிகளும். பகலில் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் அடங்கிக் கிடந்து இரவில் வெளியே வரும். வளர்ந்தது பொதுவாக 90 முதல் 150 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். பெண் பாம்பு ஆணைவிடப் பெரியது. இந்த உடலுக்கு 120 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 60 உயரம் கொண்ட கூண்டைக் குறைந்த அளவாகக் கொள்ளுங்கள். உங்களுக்குக் கிடைப்பது பெரிய பெண் பாம்பாக இருந்தால் 150 சென்டிமீட்டர் நீளத்துக்குப் போங்கள். பாம்பு உடலை நேராக நீட்டிக்கொள்ள இடம் வேண்டும். சிறிய இடத்தில்தான் அதற்குப் பாதுகாப்பு என்ற பழைய அறிவுரையை இன்றும் சில கடைகளில் கேட்பீர்கள். அந்த அறிவுரையில் பாதி உண்மை உண்டு. வெறிச்சோடிய பெரிய கூண்டில் விடப்பட்ட குட்டி அஞ்சி இரை எடுக்காமல் கிடக்கும். அதற்கு மருந்து கூண்டைச் சுருக்குவதில் இல்லை. மரப்பட்டை, கிளை, செயற்கை இலைக்கொத்து ஆகியவற்றால் இடத்தை நிரப்பிவிட்டால், ஒரு மறைவிலிருந்து இன்னொரு மறைவுக்கு வெட்டவெளியில் தலைகாட்டாமல் போகும் வழி கிடைத்துவிடும். குட்டியும் பெரிய கூண்டில் அமைதியாக வாழும்.

கூண்டு எதனால் ஆனது என்பதில் நீங்கள் சிங்கப்பூர்ப் பழக்கத்தை விட்டுவிட வேண்டியிருக்கும். மீன் தொட்டிக்கு வலைமூடி போட்டுவிட்டால் போதும் என்று இங்கே தோன்றும். நம் காற்றில் ஆண்டு முழுவதும் எண்பது விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதம் இருக்கிறது, பகல் வெப்பம் 31, 32 பாகையைத் தொடுகிறது. வலைமூடி வழியே போகும் சூடும் ஈரமும் இங்கே பெரிய இழப்பாகத் தெரியாது. லீட்ஸில் குளிர்காலத்தில் வீட்டுக்குள் 18 முதல் 21 பாகைதான் இருக்கும். மத்திய வெப்பமூட்டி ஓடும் அறைகளில் காற்று வறண்டு, ஈரப்பதம் முப்பது நாற்பது விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். அங்கே வலைமூடிக் கண்ணாடித் தொட்டியில் சூட்டையும் ஈரத்தையும் நிறுத்திவைப்பது ஓயாத போராட்டம். முன்புறம் கண்ணாடிக் கதவுகளும் மற்ற பக்கங்களில் பலகையும் கொண்ட விவேரியம், அல்லது பிவிசி தகட்டால் ஆன கூண்டு, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பலகைக் கூண்டு என்றால் உள் மூலைகள் அனைத்தையும் மீன் தொட்டிகளுக்குரிய சிலிக்கோன் பசையால் அடைத்து, அதன் நெடி முற்றிலும் போகும்வரை சில நாட்கள் காய விடுங்கள். அடைக்காத மூலையில் ஈரம் இறங்கினால் பலகை ஊதிப் போகும், பூஞ்சை பிடிக்கும். கதவு முன்புறம் இருப்பதில் வேறொரு நன்மையும் உண்டு. பருந்து போன்ற பறவைகள் மேலிருந்து பாய்பவை. மேலிருந்து இறங்கும் மனிதக் கையும் பாம்புக்கு அப்படியே தெரியும். எதிரிலிருந்து மெதுவாக வரும் கையை அது விரைவில் ஏற்றுக்கொள்ளும்.

இப்போது வெப்பம். நான் இதில் சற்று அதிகம் தங்கப் போகிறேன், ஏனென்றால் உயிர் போவது இதில்தான்.

கூண்டின் ஒரு முனையில் மட்டும் வெப்ப மூலம் இருக்க வேண்டும். அந்த முனையில் பாம்பு கிடக்கும் இடத்தில் 31 முதல் 33 பாகை செல்சியஸ், மறுமுனையில் 25 முதல் 27 பாகை, இரவில் எங்குமே 24க்குக் கீழே போகாமல் இருப்பது, இவை இலக்குகள். நடுவில் வைத்தால் கூண்டு முழுவதும் ஒரே சூடாகிவிடும், பாம்புக்குத் தேர்வு போய்விடும். வெப்பமூட்டப் பல கருவிகள் விற்கின்றன. பகலில் கூண்டின் மேற்புறத்திலிருந்து சூட்டையும் வெளிச்சத்தையும் சேர்த்துத் தரும் ஹாலோஜன் விளக்கும், இரவில் வெளிச்சமின்றிச் சூடு மட்டும் தரும் செராமிக் குமிழும் சேர்ந்த ஏற்பாட்டை நான் விரும்புகிறேன். இரவுக்கென்று சிவப்பு, நீல விளக்குகள் விற்பார்கள், வாங்காதீர்கள். இரவில் நடமாடும் உயிருக்கு இரவு இருட்டாகவே இருக்க வேண்டும். சூடாகும் செயற்கைப் பாறைகளை வீட்டுக்குள்ளேயே சேர்க்காதீர்கள். தரைக்கு அடியில் விரிக்கும் வெப்பப் பாய் மலிவானது, பலரும் வைத்திருப்பது. ஆனால் அதன் மேல் கனமான தரைப்பொருள் கொட்டினால் சூடு மேலே ஏறாது, பாம்பு அதைத் தேடித் தோண்டிக்கொண்டு போய்ப் பாயின் மேலேயே படுத்துவிடும். அடியிலிருந்து வந்த சூட்டை விட்டு விலகாமல் கிடந்து வயிற்றுச் செதில்கள் வரிசையாக வெந்து, மஞ்சள் நீர் கோத்து வந்த பாம்புகளை நான் துடைத்து மருந்திட்டிருக்கிறேன். அந்தப் புண் ஆறப் பல தோலுரிப்புகள் ஆகும்.

மேலே தொங்கும் எந்தக் குமிழுக்கும் கம்பிவலைக் கூடு போட்டே ஆக வேண்டும். பால் பைத்தான் தரையில் கிடக்கும் பாம்பு, மேலே ஏறாது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அது ஏறும், சூடான குமிழைச் சுற்றிக்கொள்ளவும் செய்யும். கூட்டின் கம்பி இடைவெளி பாம்பின் தலை நுழையாத அளவில் இருக்கிறதா என்று வாங்கும் போதே பாருங்கள்.

எந்த வெப்பக் கருவியையும், வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் நேரடியாக மின்செருகியில் செருகாதீர்கள். தெர்மோஸ்டாட்டிலும் வகை உண்டு. வெப்பப் பாய்க்கு நிறுத்தி இயக்கும் எளிய வகை போதும். செராமிக் குமிழுக்கு, மின்சாரத்தைச் சிறு துடிப்புகளாக அனுப்பும் பல்ஸ் வகை வேண்டும். ஹாலோஜனுக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வகை வேண்டும். இதை மாற்றிப் போட்டால் விளக்கு விட்டுவிட்டு எரிந்து சீக்கிரம் போய்விடும், கூண்டும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். தெர்மோஸ்டாட்டின் உணரி எங்கே இருக்கிறது என்பதே எல்லாவற்றுக்கும் மேலானது. அது வெப்ப முனையில், பாம்பு கிடக்கும் உயரத்தில், அசையாமல் இருக்க வேண்டும். உணரி நழுவிக் குளிர்ந்த பக்கத்தில் விழுந்துவிட்டால், கருவி "இன்னும் சூடு போதவில்லை" என்று எண்ணி விளக்கை இடைவிடாமல் எரித்துக்கொண்டே இருக்கும். அதைப் பிடித்து நிறுத்தச் சிறு திருகு கவ்வியோ கேபிள் டையோ பயன்படுத்துங்கள். ஒட்டுநாடா மட்டும் கூண்டுக்குள் ஒரு விரல்கடை கூட இருக்கக் கூடாது. வெப்பத்தில் நாடா பிரிந்து பாம்பின் உடலில் ஒட்டிக்கொள்ளும். பாம்பு அதிலிருந்து விடுபடப் புரளப் புரள மேலும் சுற்றிக்கொள்ளும். எண்ணெய் தடவித் தடவி, ஒரு செதிலும் பிய்ந்துவிடாமல் அந்த நாடாவை எடுக்க எங்கள் மருத்துவருக்கு ஒரு முற்பகல் முழுவதும் ஆனதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன்.

தெர்மோஸ்டாட் காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல், இரு முனைகளிலும் தனித்தனி டிஜிட்டல் வெப்பமானி வையுங்கள். அன்றைய அதிக, குறைந்த அளவுகளை நினைவில் வைத்துக் காட்டும் வகை கிடைக்கிறது. அதுவே பயனுள்ளது, ஏனென்றால் விடியற்காலை நான்கு மணிக்குக் கூண்டு எத்தனை பாகைக்கு இறங்கியது என்பதை நீங்கள் எழுந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கண்ணாடியில் ஒட்டும் வட்டமான முள்காட்டி வகைகளைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே வேண்டாம்.

ஈரப்பதத்தில் 55 முதல் 70 விழுக்காடு இருந்தால் பால் பைத்தானுக்குப் போதும். தோலுரிக்கும் காலத்தில் இன்னும் சற்றுக் கூட வேண்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. காற்றில் ஈரம் வேண்டும், பாம்பின் வயிறு படும் தரையின் மேற்பரப்பு உலர்ந்திருக்க வேண்டும். ஈரப்பதம் குறைகிறதே என்று நாள்தோறும் தண்ணீர் தெளிப்பவர்கள் மேற்பரப்பை நனைத்துவிடுகிறார்கள், காற்றோ ஒரு மணி நேரத்தில் மீண்டும் வறண்டுவிடுகிறது. தெளிப்பதற்குப் பதிலாக, தேங்காய் நார்த்தூளும் தேங்காய் மட்டைத் துண்டுகளும் கலந்து எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் கனத்துக்குத் தரை அமைத்து, கூண்டின் மூலைகளில் சிறிது தண்ணீர் ஊற்றுங்கள். அது அடியில் இறங்கிப் பரவி, மேலிருந்து வரும் சூட்டில் மெல்ல மெல்ல ஆவியாகும். மேல்பகுதி காய்ந்தும் அடிப்பகுதி ஈரமாயும் இருக்கும். கையை உள்ளே விட்டு அடிமண்ணை அள்ளிப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. தேவதாரு, பைன் மரச்சீவல்களைத் தரையில் போடாதீர்கள், அவற்றின் நெடியுள்ள எண்ணெய்கள் ஊர்வனவற்றின் நுரையீரலுக்கு ஆகாதவை. குளிரும் ஈரமும் சேர்ந்தால் நுரையீரல் தொற்று எளிதில் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஈரத்தைக் கூட்டும் நாளில் வெப்பம் குறையாமல் இருக்கிறதா என்று இருமுறை பாருங்கள். காற்றோட்டத் துளைகளை அடைத்து ஈரத்தைப் பிடித்து வைக்க முயலவும் கூடாது. குளிர்ந்த முனையில் தாழ்வாக ஒரு துளையும், வெப்ப முனையில் உயரமாக ஒரு துளையும் இருந்தால் காற்று தானே சுழலும்.

கண்கள் பால்படர்ந்து நீலமாக மங்கும்போது சட்டை உரிக்கும் காலம் வந்துவிட்டதென்று அறியலாம். அப்போது ஒரு பதுங்கிடத்துக்குள் நனைத்துப் பிழிந்த மாஸ் எனும் பாசியை வைத்துவிடுங்கள். சில நாட்களில் கண் தெளியும், அதற்குப் பின் சட்டை கழலும். கழன்ற சட்டையை உடனே எறிந்துவிடாமல் மகனோடு சேர்ந்து விரித்துப் பாருங்கள். ஈரம் சரியாக இருந்திருந்தால் அது மூக்கு முதல் வால் நுனி வரை ஒரே துண்டாக, உட்புறம் வெளிப்புறமாகப் புரண்டிருக்கும். தலைப்பகுதியில் கைக்கடிகாரக் கண்ணாடி போல இரண்டு சிறு வட்டத் தகடுகள் தெரியும். அவைதான் கண்மூடிகள். இரண்டும் இருந்தால் கவலையில்லை. ஒன்று குறைந்தாலும் அது பாம்பின் கண்ணிலேயே ஒட்டியிருக்கிறது என்று பொருள். நகத்தாலோ இடுக்கியாலோ எடுக்க முயலாமல் ஈரத்தைச் சரிசெய்யுங்கள். அடுத்த முறையும் கழலவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். கூண்டின் ஈரப்பதமானி சொல்வதைவிட அந்தச் சட்டை சொல்வதை நான் அதிகம் நம்புவேன்.

பதுங்கிடங்கள் குறைந்தது இரண்டு வேண்டும், இரண்டும் ஒரே அளவில், ஒரே வடிவில் இருப்பது நல்லது. ஒன்று வெப்ப முனையில், மற்றொன்று குளிர்ந்த முனையில். ஒன்றை மட்டும் வைத்தால், பாம்பு தன் உடலுக்கு வேண்டிய வெப்பத்தையோ மறைவையோ இழக்க நேரிடும். அச்சம் மிகுந்த உயிர் என்பதால் அது மறைவைத்தான் தேர்ந்தெடுக்கும், செரிமானம் கெடும். பதுங்கிடம் பெரிதாக இருக்கக் கூடாது. சுருண்டு கிடக்கும்போது சுவர்கள் உடலைத் தொட வேண்டும், வாயில் ஒன்றே ஒன்று இருக்க வேண்டும். கடையில் விற்கும் அழகான செயற்கை மண்டையோடுகளைவிட, கவிழ்த்துப் போட்டு விளிம்பில் வாயில் வெட்டிய கறுப்பு நெகிழிக் கிண்ணம் மேலானது. பாம்பு வளர வளர இதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால் மலிவானதே வசதி.

தண்ணீர்ப் பாத்திரம் கனமான பீங்கானாக, பாம்பு முழுதும் இறங்கக்கூடிய அகலத்தில், குளிர்ந்த முனையில் இருக்கட்டும். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் பாம்புக்குப் பால் வைக்க விரும்பலாம். புற்றுக்குப் பால் வார்த்து வணங்கும் வழக்கத்தை நான் மதிக்கிறேன், என் வீட்டிலும் அது உண்டு. ஆனால் பாம்பின் குடல் பாலைச் செரிக்காது, தண்ணீர் மட்டுமே வைக்க வேண்டும் என்று அவர்களிடம் பணிவாகச் சொல்லிவிடுங்கள். சாம்பிராணிப் புகை, ஊதுபத்தி, வாசனைத் தெளிப்பான் ஆகியவை கூண்டு இருக்கும் அறைக்குள் வரக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

புறஊதா விளக்கு வேண்டுமா என்பதில் வளர்ப்பவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது இல்லாமலும் பால் பைத்தான்கள் நெடுநாள் வாழ்ந்திருக்கின்றன. ஆனாலும் நிழலில் வாழும் ஊர்வனவற்றுக்கென்று விற்கும் குறைந்த வலுவுள்ள குழல் விளக்கைக் கூண்டு நீளத்தின் பாதிக்குப் பொருத்தி, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிட்டால், பாம்புக்கு இன்னுமொரு தேர்வு கூடுகிறது என்பதால் நான் வைக்கவே சொல்வேன். வெளிச்சம் இருந்தாலும் ஆண்டுக்கணக்கில் அதன் கதிர்வலு குறைந்துவிடும் என்பதால் தயாரிப்பாளர் சொல்லும் கெடுவில் மாற்றிவிடுங்கள். வெள்ளைத்தோல் வகைப் பாம்பாக இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

பூட்டு அவசியம். ஒன்றன் மேல் ஒன்று நகரும் கண்ணாடிக் கதவுகளுக்கிடையே உள்ள சிறு சந்து வழியாக இளம் பாம்பு சர்வ சாதாரணமாக வெளியேறிவிடும். மனம் மாறிக் கார்ன் ஸ்நேக் எடுத்தீர்களானால் இது இன்னும் முக்கியம். அதன் குட்டி சுண்டுவிரலைவிடச் சன்னமானது, இருக்கும் எல்லா விளிம்புகளையும் சோதித்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். சந்தை நுரைப் பட்டையாலோ சந்தடைக்கும் நெகிழிக் கீற்றாலோ அடைத்து, கதவுக்குப் பூட்டுப் போடுங்கள். மின்கம்பி வெளியேறும் துளையையும் மறக்காமல் பாருங்கள். கார்ன் ஸ்நேக் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது. அதற்கு வெப்ப முனையில் 28 முதல் 32 பாகையும், குளிர்ந்த முனையில் 20 முதல் 24 பாகையும், நாற்பது முதல் அறுபது விழுக்காடு ஈரப்பதமும் போதும் என்பதால், லீட்ஸ் வீட்டுக்கு அது இன்னும் எளிதாகப் பொருந்தும். ஏறுவதில் விருப்பமுள்ளது என்பதால் கிளைகள் அதிகம் வையுங்கள். முதன்முறை வளர்க்கும் குடும்பத்துக்கு, இரையை எளிதில் மறுக்காத அந்தப் பாம்பையே நான் முதலில் சொல்வேன். எந்தப் பாம்பாக இருந்தாலும் ஒரு கூண்டுக்கு ஒன்றே ஒன்றுதான்.

கூண்டை எங்கே வைப்பது என்பதற்கு ஒரு சில குறிப்புகள் போதும். வெயில் நேராக விழும் சன்னல் ஓரம், அறை வெப்பமூட்டியின் மேல்புறம், ஓயாமல் திறந்து மூடும் கதவருகே, ஒலிபெருக்கிக்கு அருகே ஆகிய இடங்களைத் தவிருங்கள். பாம்பு தரை அதிர்வை உடலால் உணர்வது. சமையலறையில் வைக்காதீர்கள், தண்ணீர்ப் பாத்திரத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவவும் செய்யாதீர்கள். ஊர்வன சால்மொனெல்லா கிருமியைச் சுமப்பவை. தொட்ட பின் சோப்புப் போட்டுக் கைகழுவுவதை மகனுக்கு முதல் நாளிலிருந்தே பழக்குங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் வீட்டுக்கு வந்தால் தொடவிடாதீர்கள். வாடகை வீடு என்பதால் வீட்டுக்காரரின் எழுத்துபூர்வ ஒப்புதலை முன்னதாகவே வாங்குங்கள்.

இங்கேயே பொருள் வாங்கிப் பழகலாமா என்ற கேள்விக்கு: மின்னழுத்தமும் மூன்று முனைச் செருகியும் இரு நாடுகளிலும் ஒன்றே என்பதால் கருவிகள் வேலை செய்யும் என்பது உண்மை. ஆயினும் கூண்டையும் வெப்பக் கருவிகளையும் அங்கே வாங்குவதே சரி. நம் வீட்டு வெப்பத்தில் சோதித்த ஏற்பாடு லீட்ஸின் சனவரி இரவைப் பற்றி எதுவுமே சொல்லாது. இரண்டு வெப்பமானிகளையும் ஒரு ஈரப்பதமானியையும் இங்கே வாங்கி, அவற்றைப் படிக்கவும் குறித்து வைக்கவும் மகனைப் பழக்கலாம். மண்டாயில் உள்ள விலங்குத் தோட்டத்தின் ரெப்டோபியா பகுதிக்கு அவனை அழைத்துப் போய், ஏதேனும் ஒரு பாம்பின் கண்ணாடிக்கு முன் நெடுநேரம் நிற்க விடுங்கள். விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறது, பாம்பு எங்கே கிடக்கிறது, மறைவுகள் எத்தனை, தண்ணீர் எங்கே என்று அவன் தாளில் வரைந்து வரட்டும். அந்த வரைபடம் லீட்ஸில் கூண்டு அமைக்கும்போது உதவும்.

அங்கே போனதும் கூண்டை முழுவதுமாக அமைத்து, பாம்பு இல்லாமலேயே குறைந்தது ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம் ஓட்டுங்கள். காலை, நடுப்பகல், இரவு ஆகிய மூன்று வேளையும் இரு முனைகளின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் மகன் குறிப்பேட்டில் எழுதட்டும். எண்கள் தொடர்ந்து ஒரு வாரம் நான் சொன்ன அளவுகளுக்குள் நின்ற பிறகே பாம்பை அழைத்து வாருங்கள். பாம்பு வந்தால் கூண்டை அதோடு சேர்த்துச் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைப்பவர்கள், அந்தச் சரிசெய்யும் காலத்தின் துன்பம் முழுவதையும் பாம்பின் மேல் ஏற்றுகிறார்கள். வந்த முதல் சில வாரங்களுக்குத் தரையில் தேங்காய் நாருக்குப் பதிலாக வெள்ளைத் தாள் விரித்து வையுங்கள். பாம்பு உண்ணிகள் கறுப்புப் புள்ளிகளாக அதில் தெரிந்துவிடும், கழிவையும் பார்த்துக்கொள்ளலாம். அந்நாட்களில் ஈரத்துக்குப் பாசி வைத்த பதுங்கிடம் போதும். முதல் வாரம் யாரும் கையில் எடுக்க வேண்டாம். மகனுக்கு இது கடினமாக இருக்கும், ஆனாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். இரை கொடுத்த பின் இரண்டு நாட்களும் அப்படியே.

டிசம்பர் விடுமுறைக்கு நீங்கள் குடும்பத்தோடு சிங்கப்பூர் வரும்போது பாம்பு அங்கேயே இருக்கும். வளர்ந்த பாம்பு இரண்டு மூன்று வாரம் இரையின்றி இருந்துவிடும், தண்ணீரும் வெப்பமும் இல்லாமல் இராது. ஆகவே நம்பகமான ஒருவர் இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்து தண்ணீரை மாற்றி வெப்பமானியைப் பார்க்க வேண்டும். கூண்டின் வெளிப்புறத்தில் ஒரு தாளில் இரு முனைகளுக்கும் உரிய வெப்ப அளவு, தெர்மோஸ்டாட்டின் எண், மின்சாரம் நின்றால் கூண்டைக் கம்பளியால் போர்த்தி மூட வேண்டும் என்ற குறிப்பு, மின்சாரம் திரும்பி விளக்கு எரியும் முன் கம்பளியை எடுத்துவிட வேண்டும் என்ற எச்சரிக்கை ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரின் எண்ணை உங்கள் கைப்பேசி எண்ணுக்கு மேலே எழுதுங்கள். லீட்ஸில் மாலை ஐந்து மணிக்கு ஏதேனும் நேர்ந்தால் சிங்கப்பூரில் அப்போது இரவு ஒரு மணி, நீங்கள் உறக்கத்தில் இருப்பீர்கள்.